வந்து வந்து போகும் 502: இணைப்பை முதலில் மூடியது யார்?

ஒரு சேவை இன்னொரு சேவையைக் கூப்பிடுகிறது. நாள் முழுக்க எல்லாம் ஒழுங்காகப் போகிறது. நடுவில் எப்போதோ ஒரு கோரிக்கை மட்டும் ‘502 பேட் கேட்வே’ என்று திரும்பி வருகிறது. அதையே மறுபடி அனுப்பினால் ஒரு குறையும் இல்லாமல் பதில் வந்துவிடுகிறது. கூப்பிட்ட அணி “உங்கள் சர்வர்தான் விழுந்தது” என்கிறது. எதிர் அணி லாகை, அதாவது சர்வரின் நிகழ்வுப் பதிவை, திறந்து பார்த்துவிட்டு “அந்த நேரத்தில் அப்படி ஒரு கோரிக்கையே எங்களுக்கு வரவில்லை” என்கிறது. இரண்டு தரப்பும் உள்ளதைத்தான் சொல்கின்றன. அதனால்தான் இந்தப் பிழையைப் பிடிக்க வாரக்கணக்கில் ஆகிறது.

பல இடங்களில் இதற்கு ‘நெட்வொர்க் கோளாறு’ என்று பெயர் வைத்து டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். அப்படி மூடக் கூடாது. இப்படி வந்து போகும் பிழைகளில் பெரும்பகுதிக்குத் துல்லியமான நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. யாரோ ஒருவருடைய கடிகாரம் ஓடி முடிகிற நொடியில்தான் அவை நடக்கின்றன. யாருடைய கடிகாரம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்த எண்ணை எழுதியது யார்?

இரண்டு சேவைகள் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அபூர்வம். நடுவில், கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு லோடு பேலன்ஸரோ என்ஜின்எக்ஸ் போன்ற ப்ராக்ஸியோ நின்று கோரிக்கையை வாங்கிப் பின்னால் உள்ள சர்வருக்குக் கைமாற்றும். நம் கைக்கு வரும் பிழை எண்ணைப் பல நேரங்களில் எழுதுவது அந்த இடையாள்தான்.

1. 500: பின்னால் உள்ள நிரல் ஓடும்போதே தடுக்கி விழுந்தது. அதன் லாகில் தடயம் இருக்கும்.
2. 502: இடையாள் பின்னால் உள்ள சர்வரை அணுகினார், ஆனால் முறையான பதில் கிடைக்கவில்லை. இணைப்பு பாதியில் அறுந்திருக்கலாம், அல்லது வந்த பதில் பதில் மாதிரியே இல்லாமல் இருந்திருக்கலாம்.
3. 503: இப்போதைக்குக் கோரிக்கையை ஏற்க ஆள் இல்லை.
4. 504: கேட்டுவிட்டுக் காத்திருந்தார், குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை.

ஆகவே முதல் வேலை, எண்ணை எழுதியவரைக் கண்டுபிடிப்பது. அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்ஸர் தன் அணுகல் லாகில் இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுதுகிறது. ஒன்று, தான் வாடிக்கையாளருக்குக் கொடுத்த எண். மற்றது, பின்னால் உள்ள சர்வர் தனக்குக் கொடுத்த எண். முதல் இடத்தில் 502 என்றும் இரண்டாவது இடத்தில் வெறும் ஒரு சிறு கோடும் இருந்தால் சர்வர் பதிலே சொல்லவில்லை என்று பொருள். 502 லோடு பேலன்ஸரின் சொந்தக் கையெழுத்து. என்ஜின்எக்ஸாக இருந்தால் அதன் எரர் லாகில் ‘கனெக்ஷன் ரீசெட் பை பியர்’ என்றும் அதன் பக்கத்தில் 104 என்ற எண்ணும் இருக்கும். 104 என்பது மறுமுனை இணைப்பை முறித்துவிட்டதற்கு லினக்ஸ் வைத்திருக்கும் எண்.

அந்தச் சிறு கோட்டைப் பார்த்துவிட்டால் நிரலுக்குள் பிழை தேடுவதை நிறுத்திவிட்டு இணைப்பின் பக்கம் வர வேண்டும்.

இணைப்பை ஏன் திறந்தே வைத்திருக்கிறோம்?

ஒரு கோரிக்கை போவதற்கு முன்னால் இரு கணினிகளுக்கும் இடையே டிசிபி இணைப்பு ஒன்று அமைய வேண்டும். அதற்கே மூன்று செய்திகள் போய்வர வேண்டும். குறியாக்கமும் இருந்தால், அதற்கான டிஎல்எஸ் நெறிமுறையின் 1.2 பதிப்பில் இன்னும் இரண்டு சுற்று, 1.3-இல் ஒரு சுற்று கூடும். இணையக் கோரிக்கையும் பதிலும் பேசிக்கொள்ளும் நெறிமுறை எச்டிடிபி. 1996-இல் ஆவணமாக்கப்பட்ட எச்டிடிபி 1.0-இல் பொதுவாக ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது இணைப்பு திறந்து, பதில் வந்ததும் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 இதை மாற்றியது. யாரும் வேண்டாம் என்று சொல்லாதவரை இணைப்பு திறந்தே இருக்கும், அடுத்த கோரிக்கை அதிலேயே போகும். இதைத்தான் கீப்-அலைவ் என்கிறோம்.

இப்படி வேலை முடிந்து சும்மா கிடக்கும் இணைப்புகளை லோடு பேலன்ஸர் ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்கிறது. புதுக் கோரிக்கை வந்ததும் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பயன்படுத்துகிறது. ஆனால் சும்மா கிடக்கும் இணைப்பும் நினைவகத்தைத் தின்னும். அதனால் இரு முனைகளும் ‘இவ்வளவு நேரம் பேச்சே இல்லையென்றால் மூடிவிடுவேன்’ என்று ஆளுக்கொரு கெடு வைத்திருக்கின்றன. ஒரு முனை வைத்திருக்கும் கெடு மறுமுனைக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ‘கீப்-அலைவ்’ என்ற பெயரிலேயே கெடுவை அறிவிக்கும் ஒரு ஹெடர் (செய்தியின் தலைப்பில் போகும் குறிப்பு) இருக்கிறது என்றாலும், அதை எல்லாரும் அனுப்புவதும் இல்லை, அனுப்பினாலும் எல்லாரும் மதிப்பதும் இல்லை.

5 விநாடியும் 60 விநாடியும்

உலகம் முழுக்க மிகப் பலரைப் படுத்தியெடுத்த ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். முன்னால் அமேசானின் அப்ளிகேஷன் லோடு பேலன்ஸர். அதன் இயல்பான கெடு 60 விநாடி. பின்னால், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இல் எழுதிய சேவை. 2017-இல் வந்த நோட் 8-ஆம் பதிப்பிலிருந்து அதன் எச்டிடிபி சர்வரின் இயல்பான கெடு 5 விநாடி. இரண்டையும் யாரும் தொடாமல் அப்படியே ஓடவிட்டால் என்ன ஆகும்?

ஒரு செய்தி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அரை மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டு, ஒரே ஓர் இணைப்பை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

1. 0-ஆவது விநாடி: ஒரு கோரிக்கைக்குப் பதில் போய் முடிந்தது. இணைப்பு சும்மா கிடக்கத் தொடங்குகிறது.
2. 5.0000: நோட் சேவையின் கெடு முடிகிறது. அது இணைப்பை மூடி, ‘ஃபின்’ என்ற முடிப்புச் செய்தியை அனுப்புகிறது. செய்தி இன்னும் வழியில் இருக்கிறது.
3. 5.0002: லோடு பேலன்ஸருக்கு ஒரு புதுக் கோரிக்கை வருகிறது. அதன் கணக்கில் இந்த இணைப்புக்கு இன்னும் 55 விநாடி ஆயுள் பாக்கி. இதையே எடுத்துக் கோரிக்கையை அனுப்பிவிடுகிறது.
4. 5.0005: ஃபின் வந்து சேர்கிறது. கோரிக்கை ஏற்கெனவே கைவிட்டுப் போயாயிற்று.
5. 5.0007: கோரிக்கை சர்வர் கணினியைத் தொடுகிறது. அந்த இணைப்புக்கு இப்போது உரியவர் யாரும் இல்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் ‘ரீசெட்’ செய்தியைத் திருப்பி அனுப்புகிறது.
6. 5.0012: ரீசெட் வந்து சேர்கிறது. கோரிக்கை போனது, பதில் இல்லை, இணைப்பும் இல்லை. லோடு பேலன்ஸர் 502 எழுதுகிறது.

கடைக்காரர் ஷட்டரை இழுக்கிற அதே நொடியில் வாடிக்கையாளர் படியில் கால் வைக்கிற கதைதான். ஐந்தாவது படியைக் கவனியுங்கள். கோரிக்கையைத் திருப்பியனுப்பியது கெர்னல். நோட் நிரலின் ஒரு வரிகூட அங்கே ஓடவில்லை. அதனால்தான் சேவையின் லாக் வெறுமையாக இருக்கிறது, அந்த அணி “எங்களுக்கு வரவே இல்லை” என்று சத்தியம் செய்கிறது.

கூட்டம் குறைந்தால் பிழை கூடுமா?

கூடும். தேடுபவர்களை அதிகம் திசைதிருப்புவது இந்த இடம்தான். பிழை என்றதும் நம் மனம் அதிகச் சுமையைத்தான் நினைக்கும். சர்வர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவோம். இந்த வகைப் பிழைக்கு அது நேர்மாறான மருந்து.

கோரிக்கைகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தால் எந்த இணைப்பும் 5 விநாடி சும்மா கிடக்காது. பிழைக்கு வழியே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு கோரிக்கைதான் வருகிறது என்றால் அதற்குள் ஃபின் வந்து சேர்ந்திருக்கும், லோடு பேலன்ஸர் புது இணைப்பு திறந்துகொள்ளும். அப்போதும் பிழை இல்லை. இரண்டு கோரிக்கைகளுக்கு இடையிலான இடைவெளி 5 விநாடியை ஒட்டி, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான அந்த இடுக்கில் விழும்போதுதான் விபத்து. மதியக் கூட்டத்தில் அமைதியாக இருந்த சேவை விடியற்காலையில் 502 தருவது இதனால்தான். சர்வர்களைக் கூட்டினால் ஒவ்வொரு சர்வருக்கும் வரும் கோரிக்கை குறையும், இணைப்புகள் இன்னும் அதிக நேரம் சும்மா கிடக்கும், பிழையும் கூடும்.

இன்னும் மோசமான ஒரு சூழல் உண்டு. ஒரு சேவை இன்னொன்றிடம் சரியாக 5 விநாடிக்கு ஒரு முறை ‘முடிந்ததா, முடிந்ததா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்றால் ஒவ்வொரு கேள்வியும் அந்த இடுக்கை நோக்கியே போகிறது. அதை 4 விநாடியாக மாற்றியதும் பிழை நின்றுவிட்டால், அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள். காரணத்தை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது.

திருத்தம்: யார் அதிக நேரம் காத்திருக்க வேண்டும்?

விதி ஒரு வரியில் அடங்கும். கோரிக்கை அனுப்பும் பக்கத்தின் கெடு குறைவாகவும், பதில் சொல்லும் பக்கத்தின் கெடு அதைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். அனுப்புபவரே இணைப்பை மூடினால், தான் மூடியதில் அவர் மறுபடி எதையும் அனுப்ப மாட்டார். மோதல் வராது.

லோடு பேலன்ஸர் 60 விநாடி என்றால் நோட் சேவைக்கு 65 விநாடி வைக்கலாம். கூகுள் கிளவுடின் எச்டிடிபி லோடு பேலன்ஸர் பின்னால் உள்ள சர்வர்களுடன் 600 விநாடி காத்திருக்கும். அங்கே என்ஜின்எக்ஸுக்கு 620 வைக்கச் சொல்லி அந்த நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. என்ஜின்எக்ஸின் இயல்பு 75 விநாடி. அமேசானின் 60-க்குப் பின்னால் அது தானாகவே பொருந்திவிடும், கூகுளின் 600-க்குப் பின்னால் பொருந்தாது. பைத்தான் சேவைகளுக்குப் பலர் பயன்படுத்தும் கூனிகார்னின் இயல்பு வெறும் 2 விநாடி. இணைப்பைத் திறந்து வைக்கும் அதன் வொர்க்கர் (கோரிக்கையைக் கையாளும் செயல்முறை) வகைகளில் இதையும் பார்த்தாக வேண்டும்.

நடுவில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் ஒவ்வொரு கண்ணியிலும் இந்த விதி நிற்க வேண்டும். லோடு பேலன்ஸருக்கும் என்ஜின்எக்ஸுக்கும் இடையே சரி செய்துவிட்டு, என்ஜின்எக்ஸுக்கும் நிரலுக்கும் இடையே அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. வெளியே உள்ளவரைவிட உள்ளே உள்ளவர் அதிகம் காத்திருக்க வேண்டும், அவருக்கும் உள்ளே இருப்பவர் இன்னும் அதிகம்.

இதே முகத்தோடு வரும் வேறு பிழைகள்

எல்லா 502-க்கும் கெடு வித்தியாசமே காரணம் என்று சொல்ல முடியாது. பிழை எப்போது வருகிறது என்ற வரைபடத்தைப் பார்த்தால் மற்றவற்றைப் பிரித்துவிடலாம்.

1. புதுப் பதிப்பு ஏற்றும்போது மட்டும் வந்தால்: சேவைகளைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், ஒரு பாட் (சேவையின் ஓடும் பிரதி) நீக்கப்படும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. நிரலுக்கு ‘முடித்துக்கொள்’ என்ற சமிக்ஞை போகிறது. அதே வேளையில், ‘இந்தப் பாடுக்கு இனி கோரிக்கை அனுப்பாதே’ என்ற தகவல் மற்ற இடங்களுக்குப் பரவத் தொடங்குகிறது. நிரல் உடனே மூடிவிட்டால், தகவல் போய்ச் சேராத இடங்களிலிருந்து கோரிக்கைகள் வந்து செத்த பாடில் மோதும். நிறுத்துவதற்கு முன் சில விநாடி சும்மா காத்திருக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று குபர்நெட்டிஸிலேயே இருக்கிறது. இயல்பான 30 விநாடி அவகாசத்துக்குள் அதுவும், கையில் உள்ள கோரிக்கைகளை முடிப்பதும் அடங்க வேண்டும்.

2. நீண்ட நேரம் சும்மா இருந்த பிறகு வரும் முதல் கோரிக்கை மட்டும் விழுந்தால்: வழியில் உள்ள ஒரு கருவி இணைப்பை மறந்துவிட்டது. உள் நெட்வொர்க்கின் முகவரிகளை மாற்றி வெளியே அனுப்பும் அமேசானின் நேட் கேட்வே 350 விநாடி அசைவில்லாத இணைப்பை மறந்துவிடும். அஷூர் லோடு பேலன்ஸரின் இயல்பு 4 நிமிடம். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று டிசிபி தானாகவே தட்டிப் பார்க்கும் வசதி உண்டு. லினக்ஸில் அதைத் தொடங்க இயல்பாக 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் நடுவில் இருப்பவர் மறந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அந்த வசதிக்கும் கீப்-அலைவ் என்றுதான் பெயர்! டிசிபி கீப்-அலைவ் இணைப்பைத் தட்டி எழுப்புவது, எச்டிடிபி கீப்-அலைவ் இணைப்பை மறுபடி பயன்படுத்துவது. இரண்டையும் ஒன்றாக நினைத்து, ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் இன்னொன்றை மாற்றிவிட்டுப் பலன் இல்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் பலர்.

3. உச்ச நேரத்தில் மட்டும் வந்தால்: போர்ட், அதாவது கணினி ஒவ்வொரு இணைப்புக்கும் ஒதுக்கும் எண், தீர்ந்து போயிருக்கலாம். வெளியே இணைப்பு திறக்க லினக்ஸ் இயல்பாக 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 போர்ட்களை வைத்திருக்கிறது. முதலில் மூடிய பக்கத்தில் அந்தப் போர்ட் 60 விநாடி ஒதுக்கத்திலேயே கிடக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்து தானே மூடும் சேவை ஒரே முகவரியைக் கூப்பிட்டால், விநாடிக்குச் சுமார் 470-ஐத் தாண்டியதும் நெருக்கடி தொடங்கும். இணைப்பை மறுபடி பயன்படுத்துவதுதான் இதற்கு மருந்து.

4. தாமதம் சரியாக 5 விநாடியாக இருந்தால்: பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கம் பாருங்கள். லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் பெயரைத் தேடிப் பதில் வராவிட்டால் மறுபடி கேட்க 5 விநாடி எடுத்துக்கொள்ளும். ஐபிவி4, ஐபிவி6 என்ற இரு வகை முகவரிகளுக்கும் இரண்டு கேள்விகளை ஒரே சாக்கெட்டிலிருந்து ஒன்றாக அனுப்பும்போது, கெர்னலின் இணைப்புப் பட்டியலில் அவை ஒன்றோடொன்று மோதி ஒரு கேள்வி காணாமல் போவது குபர்நெட்டிஸ் கிளஸ்டர்களில் நன்கு அறியப்பட்ட சிக்கல்.

5. எப்போதும் ஒரே விகிதத்தில், ஆறில் ஒன்று, பத்தில் ஒன்று என்று வந்தால்: எத்தனை பிரதிகள் ஓடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மட்டும் கெட்டிருக்கும்.

சான்று சேர்ப்பது

லாகில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். அது எல்லாச் சேவைகளையும் கடந்து கூடவே போக வேண்டும். அதோடு எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மில்லி விநாடிக் கணக்கில் எதையும் ஒப்பிட முடியாது.

அப்புறம் டிசிபிடம்ப். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் இந்தக் கருவியைப் பார்த்துப் பலரும் ஒதுங்குகிறார்கள். நமக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில்தான்: ஃபின்னோ ரீசெட்டோ முதலில் எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது? ஃபின், ரீசெட் கொடி உள்ள பாக்கெட்டுகளை மட்டும் வடிகட்டி, குறிப்பிட்ட அளவுக் கோப்புகளில் சுழற்சியாக எழுதவிட்டால் நாள் முழுக்க ஓடினாலும் வட்டு நிரம்பாது. 502 விழுந்த நேரத்தை எடுத்து, அதற்கு முந்தைய சில மில்லி விநாடிகளைப் பார்த்தால் போதும்.

பிழையை நாமாக வரவழைத்தும் பார்க்கலாம். ஒரே இணைப்பில் ஒரு கோரிக்கை அனுப்பி, 4,990 மில்லி விநாடி காத்திருந்து அடுத்ததை அனுப்பும் சிறு நிரல் எழுதுங்கள். காத்திருப்பை ஒவ்வொரு மில்லி விநாடியாகக் கூட்டி 5,010 வரை போங்கள். சில பதிப்புகள் கெடுவோடு கொஞ்சம் கூடுதல் அவகாசம் கொடுக்கும் என்பதால் தேவைப்பட்டால் 6,000-த்தைச் சுற்றியும் முயலலாம். ‘எப்போதாவது வரும்’ பிழை கேட்கும்போதெல்லாம் வர ஆரம்பிக்கும்.

மறுபடி அனுப்பினால் போதாதா?

சில இடங்களில் போதும், சில இடங்களில் ஆபத்து. இணைப்பு பாதியில் அறுந்தால், கோரிக்கை மறுமுனையில் நிறைவேறியதா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. நாம் மேலே பார்த்த நிகழ்வில் நிரல் ஓடவே இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் பணம் பிடித்துவிட்டுப் பதில் சொல்லும் முன் சர்வர் விழுந்திருந்தாலும் அனுப்பியவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால்தான் எச்டிடிபிக்கான விதிகளை வரையறுத்து 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 ஆவணம், எத்தனை முறை செய்தாலும் விளைவு மாறாத கோரிக்கைகளைத் தனியே பிரிக்கிறது. எச்டிடிபியின் கோரிக்கை வகைகளில் கெட் (படிப்பது), புட் (முழுதாக மாற்றி வைப்பது), டெலீட் (நீக்குவது) அந்த வகை. தரவை அனுப்பி ஒரு செயலைச் செய்யச் சொல்லும் போஸ்ட் அந்த வகையில் சேராது. அப்படிச் சேராத கோரிக்கையை ப்ராக்ஸி தானாக மறுபடி அனுப்பக் கூடாது என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. 1,450 ரூபாய்க்கான போஸ்ட் கோரிக்கையைக் கண்மூடி மறுபடி அனுப்பினால் வாடிக்கையாளருக்கு 2,900 ரூபாய் போய்விடலாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அனுப்பும் பக்கமே தனி எண் ஒன்றைக் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே சர்வர் திருப்பித் தரும்படி எழுதிய பிறகுதான் மறுமுயற்சியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மறுமுயற்சிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மூன்று அடுக்குச் சேவைகள், ஒவ்வொன்றும் மொத்தம் மூன்று முறை முயலும் என்றால், அவற்றுக்கும் பின்னால் கடைசியில் இருப்பவருக்கு ஒரு கோரிக்கை 27 ஆகப் போய்ச் சேரும். திணறிக்கொண்டிருக்கும் சேவையைக் கொன்றுவிட இது போதும். ஓர் அடுக்கில் மட்டும் மறுமுயற்சி, முயற்சிக்கு முயற்சி கூடும் இடைவெளி, எல்லாரும் ஒரே நொடியில் பாயாமல் இருக்க அதில் கொஞ்சம் சிதறல் என்று வைப்பதுதான் முறை.

மாற்றிய பிறகு எதைப் பார்ப்பது?

கெடுவை 65 ஆக்கியதும் பிழை எண்ணிக்கை இறங்கிவிட்டது என்று மட்டும் பார்த்தால் போதாது. அன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருந்திருந்தாலும் எண்ணிக்கை இறங்கியிருக்கும். டிசிபிடம்பை மறுபடி ஓடவிடுங்கள். சும்மா கிடக்கும் இணைப்புகளில் இதுவரை 5-ஆவது விநாடியை ஒட்டிச் சர்வர் பக்கத்திலிருந்து கிளம்பிய ஃபின், இனி 60-ஆவது விநாடியில் லோடு பேலன்ஸர் பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும். இன்னும் சர்வர்தான் முதலில் மூடுகிறது என்றால், நீங்கள் மாற்றிய எண் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது நடுவில் நீங்கள் கணக்கில் எடுக்காத இன்னொரு கண்ணி இருக்கிறது.